அறுபத்துநான்கு ஆள் சக்தி

பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவாசகத்தின் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, வலதுபக்கக் கதவு வழியாக இறங்கி அடுப்படிக்குப் போக வேண்டும். வேறு வழி கிடையாது. கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு கார் நின்றது. வாசல் நிலைக்கு நேராக ஒரு கதவும் அடுப்படி நிலைக்கு நேராக மறு கதவும் அமைந்தது ஆண்டவன் செயல் என்று அவர் சொல்லிக்கொண்டார். கேஸ் சிலிண்டரும் அந்த வழியாகத்தான் வந்தது, கொஞ்ச நேரம் பின்சீட்டில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்துவிட்டு. தபால்காரர் மட்டும் முன்சீட்டில் ஏறிக் கண்ணாடியைத் திருப்பித் தலை வாரிக்கொண்டு போவார்.

காரின் பெயர் ஹாலிஃபோர்ட். இங்கிலாந்தில் செய்தது. கூரையைத் துணி மாதிரி மடக்கிப் பின்னால் போடலாம். ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கிடங்கு வைத்திருந்த கனி பாய்தான் அதை அவர் தலையில் கட்டினார். கட்டும்போது பாய் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கம்பெனி முதலாளிகளே ஆபீசுக்கு பஸ்ஸில் போனார்கள், அதனால் கம்பெனி மூடிவிட்டது என்றார். இந்தியாவில் மொத்தம் மூன்று ஹாலிஃபோர்ட் உண்டு, ஒன்று அருங்காட்சியகத்தில், ஒன்று கிணற்றில், மூன்றாவது இது. இருப்பதில் கிணற்றில் கிடப்பதுதான் நல்ல நிலைமை என்றும் சொன்னார்.

"ஓடுற வண்டி எவன் வேணா வாங்குவான் முதலியாரே. கடன் வாங்கி வாங்குவான். இது ஓடாத வண்டி. இத வாங்கறதுக்கு ஒரு தெகிரியம் வேணும்."

தைரியம் என்ற சொல்லைக் கேட்டால் மாணிக்கவாசகத்துக்கு மூளை வேலைநிறுத்தம் செய்துவிடும். பட்டுக்கடை வைத்திருக்கும் அவர் வயதுக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பெரிய கார் வாங்கிவிட்டார்கள்; எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே மாதிரி, கோயில் வாசலில் நிறுத்தினால் யாருடையது எது என்று தெரியாமல் டிரைவர்கள் மாற்றி ஓட்டிக்கொண்டு போனதும் உண்டு. யாரிடமும் இல்லாதது ஒன்று அவருக்கு வேண்டும். அது யாரிடமும் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று அவர் யோசிக்கவில்லை.

சந்துப் பக்கத்துச் சுவரை இடித்துக் காரை உள்ளே தள்ளி, இடித்த இடத்தில் இரும்பு ஷட்டர் போட்டார். அதற்குப் பிறகு நான்கு வருஷம் வீட்டிலேயே ரிப்பேர். கார்புரேட்டரை ரசம் வைக்கிற ஈயச் சொம்பில் பெட்ரோல் ஊற்றி ஊறவைத்தார். அன்றைக்கு வைத்த ரசத்தை விருந்துக்கு வந்த மைத்துனர் மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார், ஏப்பத்துக்குப் பக்கத்தில் தீக்குச்சி கொண்டுபோகாமல் மனைவி வடிவாம்பாள்தான் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு திருகாணியும் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விரதம். ஒரு கதவுக் கைப்பிடிக்காக லண்டனுக்குப் பதினோரு கடிதம் எழுதினார். கடை வாசலில் 'அசல் கைத்தறிப் பட்டு மட்டுமே' என்று பலகை மாட்டி, எங்கிருந்தோ மெஷினில் நெய்து லாரியில் வரும் புடவையைக் காமாட்சி மேல் சத்தியம் செய்து விற்கிற மனிதர் அவர். புடவையில் போன அசல் போல்ட்டில் வந்து தங்கிவிட்டது.

மகள் துர்காதேவிக்கு வாலாஜாபாத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை முத்துக்குமார். அவன் அப்பா சிவராஜ் ரைஸ் மில் முதலாளி. நிச்சயம் பேச அவர்கள் வந்தபோது வேறு இடம் இல்லாததால் காரின் பின்சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. கேசரித் தட்டோடு சிவராஜ் சாய்ந்தார். சீட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் அவரைப் பின்னாலிருந்து விசாரித்தது.

"இது காரா சோபாவா சம்மந்தி?"

"இங்கிலாந்து வண்டிங்க. ஒரிஜினல்."

"ஓடுமா?"

"அதான் சொல்றனே, ஒரிஜினல்."

"எங்க மில்லாண்ட ஒரு கழுத இருந்துது. அதுவும் ஒரிஜினல்தான். படுத்துக்கினே இருக்கும்."

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பெண் வீட்டார் சிரிக்கக்கூடாது என்பது முறை. ஆனால் அடுப்படியிலிருந்து வடிவாம்பாள் சிரித்தது எல்லாருக்கும் கேட்டது. மாணிக்கவாசகத்துக்குக் காது சிவந்தது.

"மாப்பிள்ளை அழைப்பே இந்த வண்டிலதாங்க. புள்ளையார் கோயில்லேந்து மண்டபம் வரைக்கும் நானே ஓட்டிக்கினு வருவேன்."

"நடுவுல நின்னுட்டா?"

"நின்னுட்டா, சீர்த்தட்டத் தலைல வெச்சிக்கினு உங்க வண்டி பின்னாடி நான் நடந்து வரேன்."

சிவராஜ் நிதானமாகக் கேசரியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இன்னொரு தபா சொல்லுங்க சம்மந்தி. ரெக்கார்டு ஆவல."

மாணிக்கவாசகம் இன்னொரு முறை சொன்னார். முதல் முறையைவிடத் தெளிவாகவே சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் வாலாஜாபாத் நெல் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து கிளம்பி, காஞ்சிபுரம் பட்டு வியாபாரிகள் குழுவுக்கு வந்து, அங்கிருந்து அவருக்கே மூன்று பேர் அனுப்பி வைத்தார்கள். ஒருத்தர் அதற்குப் பின்னணி இசை போட்டிருந்தார்.

வைகாசியில் கல்யாணம். நாற்பது நாள் இருந்தது. இன்ஜின் ஓரளவு உயிரோடுதான் இருந்தது, சேசிஸ் பலமாக இருந்தது. இருபத்தெட்டாவது நாள் பானெட்டைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒயர்களை எலி தின்றுவிட்டிருந்தது. முன்பக்கத்து முனைகள் ஒரு கொத்தாகத் தொங்கின. டாஷ்போர்டுப் பக்கத்து முனைகள் இன்னொரு கொத்தாகத் தொங்கின. நடுவில் இரண்டடிக்கு ஒன்றும் இல்லை. எலியும் இல்லை, ஒரிஜினல் இங்கிலாந்துச் செம்பு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

கனி பாய் தன் மருமகள் லுப்னாவை அழைத்து வந்தார். அவள் ஏனாத்தூரில் கல்லூரியில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்துகிறவள். போனில் எதையோ தேடி எடுத்து நீட்டினாள்.

"டயக்ராம் கிடைச்சிருச்சு அங்கிள். ஆனா கலர் எல்லாம் வெளுத்துப் போயிருக்குது. ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணித்தான் ஜாயின் பண்ணணும். ஒரு வாரம் குடுங்க."

"எத்தினி ஒயரும்மா?"

"ரெண்டு பக்கமும் எண்ணிட்டேன். பக்கத்துக்கு நாப்பத்தெட்டு."

மாணிக்கவாசகம் சிரித்தார். நெய்கிற குடும்பத்தில் பிறந்தவனிடம் நாற்பத்தெட்டு என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வான்? தறியில் ஒரு பாவு முடிந்தால், புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். அதற்குப் பெயர் புனைதல். ஐயாயிரம் இழை இருக்கும். முதல் இழையோடு முதல் இழை, இரண்டாவதோடு இரண்டாவது. நிறம் பார்ப்பதில்லை, படம் பார்ப்பதில்லை, வரிசைதான் கணக்கு. மாணிக்கவாசகம் தறியை விட்டு முப்பது வருஷம் ஆகிறது. ஆனால் பன்னிரண்டு வயதில் அவர் புனைந்த பாவில் ஓர் இழைகூட மாறியதில்லை என்று அவர் அம்மா கடைசிவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாயிரம் இழைய கண்ண மூடிக்கினு புனைஞ்ச வீடும்மா இது. நாப்பத்தெட்டுக்குப் படமா? நீ போயி புள்ளைங்களுக்குப் பாடம் நடத்து."

"அங்கிள், இது கரண்ட்டு..."

"இழை இழைதான். உள்ள ஓடறது இன்னான்னு இழைக்குத் தெரியுமா?"

லுப்னா மாமனாரைப் பார்த்தாள். கனி பாய் மேலே கூரையைப் பார்த்தார். அவருக்கு வியாபாரம் எப்போதோ முடிந்துவிட்டது.

மாணிக்கவாசகம் குளித்து, திருநீறு பூசி, கிண்ணத்தில் சாம்பலோடு இன்ஜின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தார் என்று சொன்னால் சரியாக இருக்கும். நடுவில் இல்லாத இரண்டடிக்குப் புது ஒயர் வைத்து, முதலோடு முதல், இரண்டாவதோடு இரண்டாவது என்று புனைந்தார். ஒட்டுக்கு ஒட்டு டேப் சுற்றாமல் பட்டு இழையைச் சுற்றினார். மூன்று நாளில் நாற்பத்தெட்டும் முடிந்தது. அவ்வளவு அழகான ஒயரிங்கை இங்கிலாந்துக்காரன் கனவிலும் கண்டிருக்க மாட்டான்.

"நம்ம கடைல இருக்கறதவிட இந்த வண்டிக்குள்ளதாங்க அசல் பட்டு ஜாஸ்தி இருக்குது" என்றாள் வடிவாம்பாள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பினார். ரேடியோவில் வேளாண் செய்திகள் வந்தன.

பிரேக்கை மிதித்தார். முன்விளக்கு எரிந்தது. இடதுபக்க இண்டிகேட்டரைத் தட்டினால் வலதுபக்கம் மினுக்கியது. முன்விளக்கு சுவிட்சை இழுத்தபோது இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது. சிகரெட் பற்றவைக்கிற துளைக்குள் விரலை விட்டவர், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றையும் சோதிக்கவில்லை.

லுப்னா வந்து குனிந்து பார்த்தாள். பார்த்த உடனே சொல்லிவிட்டாள்.

"முன்பக்கக் கொத்து ஒரு புரட்டு புரண்டு கிடந்திருக்குது அங்கிள். உங்க வரிசை கரெக்ட்டுதான். ஆனா இந்தப் பக்கம் ஒண்ணாவது, அந்தப் பக்கம் நாப்பத்தெட்டாவது."

தறியில் பாவு புரளாது. பண்ணை என்கிற சீப்பும் விழுதுக் கயிறும் இழைகளை வரிசை மாறாமல் பிடித்து வைத்திருக்கும். இங்கிலாந்துக்காரனுக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

"ரெண்டு நாள் போதும். எல்லாத்தையும் அவுத்து நேரா போட்டுர்றேன்."

"புனைஞ்சத அவுக்கறது எங்க வீட்ல பழக்கம் இல்லம்மா."

"அப்ப எப்படி ஓட்டுவீங்க?"

"மாத்தி ஓட்டுவேன்."

அப்படியே செய்தார். எந்தச் சுவிட்சைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதைத் திருப்புகழ் மாதிரி மனப்பாடம் செய்தார். கடையில் வாடிக்கையாளரிடம் புடவை விரித்துக்கொண்டே உதடு அசைத்துப் பாராயணம் செய்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு சந்தில் ஓட்டிப் பார்த்தார், ஓடியது. எல்லாவற்றையும் சோதித்தார், வைப்பரைத் தவிர. வைகாசி வெயிலில் வைப்பர் போடுகிறவன் காஞ்சிபுரத்தில் யார் இருக்கிறான்?

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் ஹாலிஃபோர்ட் நின்றது. கூரையை மடக்கி, மல்லிகையும் சம்பங்கியும் சுற்றி, பின்சீட்டில் முத்துக்குமார் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடியில் ஸ்பிரிங்குக்காக இரண்டு தலையணை. முன்னால் நாதஸ்வரம். பின்னால், ஒரு முழம் இடைவெளியில், சிவராஜின் புத்தம்புது வெள்ளைக் கார். அதன் முன்சீட்டில் சிவராஜ், மடியில் வெள்ளிச் சீர்த்தட்டு. தட்டில் தேங்காய் பழம் எல்லாம் முறையாக அடுக்கி, தலையில் வைத்துக்கொள்ள வசதியாக ஒரு சும்மாடுகூடச் சுருட்டி வைத்திருந்தார். ரைஸ் மில் நடத்துகிறவர். எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வார்.

அதற்கும் பின்னால் முனுசாமியும் அவருடைய ஆட்களும் நடந்து வந்தார்கள். கோயில் உற்சவத்தில் சாமியைத் தோளில் சுமக்கிற சீர்பாதம் தாங்கிகள். வருஷாவருஷம் பங்குனி உத்திரத்துக்கு அவர்களுக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுப்பவர் மாணிக்கவாசகம் என்பதால் குடும்பத்தோடு வரச் சொல்லி அழைத்திருந்தார். குடும்பத்தை விட்டுவிட்டு அறுபத்துநான்கு பேரும் வந்துவிட்டார்கள். சாமி தூக்க வரும்போது நாலைந்து பேர் குறைவதுண்டு. பந்திக்கு ஒருத்தரும் குறையவில்லை.

மாணிக்கவாசகம் முன்விளக்கு சுவிட்சை இழுத்தார். வண்டி கிளம்பியது. இருநூறு அடி. முந்நூறு அடி. அவர் முதுகில் சிவராஜின் கண் குத்துவது அவருக்குத் தெரிந்தது. ஐந்நூறு அடி போனதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழியில் நின்ற பட்டுக்கடைக்காரர்கள் போனை இறக்கிவிட்டார்கள். ஓடுகிற வண்டியைப் படம் எடுத்து என்ன பயன்?

ராஜ வீதியில் திரும்புகிற முனையில் வடிவாம்பாளின் தங்கைகள் நான்கு பேர் மாடியில் கூடையோடு நின்றார்கள். மாப்பிள்ளை மேல் பூ தூவுவதாக ஏற்பாடு. அக்காள் புருஷன் மேல் அவர்களுக்கு ரொம்பப் பிரியம். நான்கு கூடை ரோஜா இதழையும் ஒரே நேரத்தில் கவிழ்த்தார்கள். முன்கண்ணாடி முழுக்க ரோஜா. பன்னீர் தெளித்த ரோஜா, அப்படியே ஒட்டிக்கொண்டது. எதிரே நாதஸ்வரக்காரரின் முதுகு வரும் நேரத்தில் மாணிக்கவாசகத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கை தானாகப் போய் வைப்பர் சுவிட்சைத் தட்டியது.

இன்ஜின் நின்றது.

வைப்பர் அசையவில்லை. முன்விளக்கு சுவிட்சை இழுத்தார், தள்ளினார், கெஞ்சினார். ரேடியோ மட்டும் உயிரோடிருந்து உரம் போடும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தது. வீதியில் போன்கள் எல்லாம் மறுபடி உயர்ந்தன.

பின்னால் வெள்ளைக் காரின் கதவு திறந்தது. சிவராஜ் அவசரப்படவில்லை. வேட்டியைச் சரிசெய்து, தட்டைத் தூக்கிக்கொண்டு, அட்சதை போட வருகிறவர் மாதிரி நடந்து வந்தார்.

"சம்மந்தி. தட்டு."

"ஒரு நிமிசங்க. சூடாயிருக்குது."

"ஆறட்டும். நாம நடந்துக்கினே இருக்கலாம். மாப்ளய என் வண்டில ஏத்திக்கறேன்."

"அப்பா, விடுப்பா" என்றான் முத்துக்குமார்.

"நீ சும்மா இரு. ரெக்கார்டு இருக்குது."

மாணிக்கவாசகம் ஊரைப் பார்த்தார். முப்பது வருஷம் வியாபாரம் செய்த வீதி. அவரிடம் புடவை வாங்கியவர்கள், அவரிடம் ஏமாந்தவர்கள், இரண்டும் ஒன்றே என்று தெரியாதவர்கள் எல்லாரும் நின்றார்கள். இன்றைக்குத் தலையில் தட்டு ஏறினால் நாளைக்குக் கடைக்கு வருகிறவன் பட்டைத் தடவிப் பார்க்கமாட்டான், தலையைத்தான் பார்ப்பான். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"மொதலாளி, கால உள்ள வைங்க."

முனுசாமி. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்.

முனுசாமிக்கு மாணிக்கவாசகத்தின் மானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மாப்பிள்ளை மண்டபத்துக்குள் கால் வைக்காமல் பந்தி போடமாட்டார்கள். அறுபத்துநான்கு பேர் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"எவ்ளோ கனம் இருக்கும் இது?"

"ரெண்டு டன்னுப்பா. கொஞ்சம் மேலயே இருக்கும்."

முனுசாமி வாய்க்குள் கணக்குப் போட்டார். ஆளுக்கு முப்பத்துநான்கு கிலோ. "ஏகாம்பரநாதர் இதோட கனம்" என்று சொல்லிவிட்டு விசில் அடித்தார். மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்த பந்தல்காரர் லாரியை மறித்து எட்டு நீள மூங்கில்களை உருவினார்கள். காருக்கு அடியில் கொடுத்து, குறுக்குத் தண்டு கட்டி, கயிறு இறுக்கி முடிய ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. கனமானதைக் கட்டித் தூக்குவது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். உள்ளே இருப்பது தெய்வமா கார்புரேட்டரா என்று தோள் கேட்பதில்லை.

"ஏகாம்பரா!"

"மகாதேவா!"

ஹாலிஃபோர்ட் தரையை விட்டு எழுந்தது.

தூக்கியதைப் பார்த்த நாதஸ்வரக்காரருக்குப் பழக்கதோஷம். சினிமாப் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியைப் பிடித்துவிட்டார். மல்லாரி கேட்டதும் தாங்கிகளுக்குக் கால் தானாக நடை மாற்றியது. இரண்டடி முன்னால், ஓர் அடி பின்னால், இந்தப் பக்கம் ஓர் ஆட்டம், அந்தப் பக்கம் ஓர் ஆட்டம். மண்டபம் நேராகத்தான் இருந்தது. ஆனால் தோளில் கனம் ஏறினால் அந்தக் கால்களுக்குத் தெரிந்த வழி நான்கு ராஜ வீதிதான். பசி வயிற்றில் இருந்தது, வழி காலில் இருந்தது, கால் ஜெயித்தது.

மேலே மாணிக்கவாசகம் ஸ்டீயரிங்கை விடவில்லை. வளைவு வரும்போதெல்லாம் திருப்பினார். அந்தரத்தில் முன்சக்கரம் இரண்டும் பணிவாகத் திரும்பின. கையை நீட்டி சைகையும் காட்டினார். முத்துக்குமார் முதல் வீதியில் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வீதியில் கைகூப்பினான். மூன்றாவது வீதியில் அபய ஹஸ்தம் காட்டினான்.

வீடுகளிலிருந்து கற்பூரத் தட்டோடு வந்தார்கள். "இன்னா சாமிமா இது? போன வருஷம் வரலியே" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "புச்சா வந்துக்குது. கோட்டு போட்ட சாமி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, கன்னத்தில் போட்டுக்கொண்டே. ஒருத்தர் முன் பம்பரில் தேங்காய் உடைத்தார். "யோவ், அது ஒரிஜினல்யா!" என்று மாணிக்கவாசகம் அலறியதை அருள்வாக்காக எடுத்துக்கொண்டு அவர் விழுந்து கும்பிட்டார்.

முனையில் நின்ற போலீஸ்காரர் முதலில் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, சாமி பின்னால் வண்டி வரக்கூடாது என்று எல்லா வண்டியையும் ஓரம் கட்டினார். அதில் வெள்ளைக் காரும் ஒன்று. சிவராஜ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் தட்டோடு இறங்கி நடந்தார். கூட்டம் இடித்ததில் கை வலித்துத் தட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். சும்மாடு பொருத்தமாக இருந்தது. நான்காவது வீதி திரும்புவதற்குள் தட்டில் ஏழெட்டுப் பேர் காணிக்கை போட்டிருந்தார்கள்.

மண்டப வாசலில் காரை இறக்கி வைத்தபோது மணி எட்டரை. சிவராஜ் வியர்த்துக் கொட்டி வந்து சேர்ந்தார்.

"வண்டி ஓடல சம்மந்தி. நடுவுலயே நின்னுட்டுது. ஊரே பாத்துது."

மாணிக்கவாசகம் இறங்கிப் பம்பரைத் தடவிப் பார்த்தார். முனுசாமிதான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"இன்னா மில்லுக்காரரே பேசறீங்க? சாமி வாகனம் என்னிக்குத் தானா ஓடுச்சு? நந்தி ஓடுதா? மயில் பறக்குதா? தூக்கறவன் இல்லாதவன்தான் இன்ஜின் வெச்ச வண்டில போவான்."

சுற்றி நின்றவர்கள் சிவராஜைப் பார்த்தார்கள். பிறகு தூரத்தில் ஓரம் கட்டிக் கிடந்த அவர் காரைப் பார்த்தார்கள். தொழுவத்தில் நிற்கிற மாட்டைப் பார்க்கிற பார்வை. முனுசாமி இலையில் உட்காரப் போனார்.

அன்றிலிருந்து ஊரில் காற்று மாறிவிட்டது. காதுகுத்துக்கு ஹாலிஃபோர்ட் கேட்டார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குக் கேட்டார்கள். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் ஜெயித்தவர் கேட்டார். தோற்றவர் அதற்கு முன்பே கேட்டு வைத்திருந்தார். ஆட்களோடு, மூங்கிலோடு, மல்லாரியோடு. ஓடுகிற கார் வைத்திருப்பவர்கள் கோயில் வாசலில் வெட்கத்தோடு ஓரமாக நிறுத்தினார்கள். மறுவீடு போகும்போது தன் வெள்ளைக் காரையும் தூக்க முடியுமா என்று சிவராஜ் ரகசியமாக முனுசாமியைக் கேட்டார். "ஓடற வண்டிய எல்லாம் நாங்க தொடறதில்லீங்க" என்று முனுசாமி சொன்னது வாட்ஸ்அப்பில் வந்தது. மாணிக்கவாசகத்தின் கடையில் கூட்டம் தாங்கவில்லை. அவர் நெற்றியில் திருநீறு இரண்டு விரல் அகலமாயிற்று. பானெட்டை அவர் திறக்கவே இல்லை.

ஆனால் கார் மறுபடி கூடத்துக்குள்தான் நின்றது. சிலிண்டர் மறுபடி பின்சீட்டில்தான் வந்தது.

ஆவணியில் ஒருநாள் மத்தியானம் அவர் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. மெதுவான, சீரான, நெய் ஊற்றிய மாதிரி ஒரு சத்தம். நான்கு வருஷமாக அவர் கனவில் கேட்ட சத்தம். லுப்னா பானெட்டைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வடிவாம்பாள் நல்ல புடவை கட்டி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி கேட்டாங்க அங்கிள். எல்லாத்தையும் அவுத்து சால்டரிங் வெச்சு நேரா போட்டுட்டேன். சாவி போட்டா ஸ்டார்ட் ஆவுது. வைப்பர் போட்டா வைப்பர் ஓடுது."

"வாங்க" என்றாள் வடிவாம்பாள். "வாலாஜாபாத் போயி பொண்ணப் பாத்துட்டு வரலாம். இன்னா நிக்கறீங்க? ஓடுதுங்க!"

மாணிக்கவாசகம் முதலில் ஷட்டர் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

"சத்தமா சொல்லாத வடிவு. யார் காதுலயாச்சும் விழப்போவுது."

"விழட்டுமே?"

"நாளான்னிக்கு சங்கத் தலைவருக்கு ஊர்வலம் இருக்குது. முனுசாமி ஓடற வண்டிய தொடமாட்டான்டி." குரலை இன்னும் இறக்கி லுப்னாவிடம் திரும்பினார். "அம்மாடி, அந்த ஒயருல ஏதாவது ஒண்ணு... முக்கியமானதா ஒண்ணு... அவுத்து வுட்டுட முடியுமா?"

"புனைஞ்சத அவுக்கறது உங்க வீட்ல பழக்கம் இல்லன்னீங்க?"

"அது நான் புனைஞ்சது. இது நீ புனைஞ்சதுதானே?"

வாசல் கதவைத் தட்டினார்கள். மாணிக்கவாசகம் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, அந்த இடைவெளியில் தன் உடம்பை வைத்து அடைத்துக்கொண்டார். முனுசாமி நின்றார். தலையைச் சாய்த்து, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மொதலாளி, உள்ள ஏதோ ஓடற மாதிரி இருக்குது?"

"மிக்சிப்பா. வடிவு சட்னி அரைக்கறா."

"மிக்சியா?"

"மிக்சிதான். இங்கிலாந்து மிக்சி."

உள்ளே மிக்சி இரண்டு முறை ஹாரன் அடித்தது.